ஒருவருக்கும் விளங்காத பேச்சு

நான் எழுந்து நின்றேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முன்னறையில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். யன்னலுக்குக் கீழே ஹீற்றர் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துகளிலிருந்து பனி உருகிப் பழைய பேப்பரில் ஊறியது. அறை முழுக்க ஈரக் கம்பளி மணம். ஒருவரும் பேசவில்லை. அவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சபையார், பேசாமல் இருப்பதற்காகவே கூடுகிறவர்கள்.

என் மடியில் சுருக்கெழுத்துக் கொப்பி இருந்தது. குறிப்பெடுப்பதற்காகத்தான் என்னை அங்கே இருத்தியிருந்தார்கள். ஆனால் கால் தானாக நிமிர்ந்துவிட்டது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் பேச எழுந்தால் குவேக்கர்கள் அவரைப் பார்ப்பதில்லை, நிலத்தைப் பார்ப்பார்கள். அது எனக்குத் துணிவைத் தந்ததா, பயத்தைத் தந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

வாயைத் திறந்தேன். கொழும்பில் ஒரு கம்பனியில் பல வருடம் ஸ்ரெனோவாக இருந்து, மனேஜர்மார் சொல்லச் சொல்ல இங்கிலிஷில் எழுதித் தள்ளியவள் நான். ஆனால் வந்தது தமிழ்.

நிறுத்த முடியவில்லை. அந்த வட்டத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பேசி முடித்து, கும்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

டயரி கேட்டு வந்த பிள்ளை

போன மாதம் ஒரு பிள்ளை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தக் குவேக்கர்கள் தொடங்கிய காலேஜில் வேலை செய்கிறாளாம். காலேஜ் உண்டான கதையை எழுத வேண்டுமாம். அவர்களுடைய கூட்டக் குறிப்புகளில் முடிவு மட்டும்தான் இருக்கும். யார் மறுத்தார், யார் முகத்தைத் திருப்பினார், யார் அழுதார் என்று ஒன்றும் இருக்காது. அது அவர்கள் வழக்கம். பத்மாவிடம், அதாவது என்னிடம், ஒரு டயரி இருக்கிறது என்று பழைய ஆட்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் ஒருவர் சும்மா தந்த சிவப்பு மட்டை டயரி. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று. கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இங்கிலிஷ்.

அந்தப் பிள்ளைக்கு முன்னால் விரித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. "மீற்றிங். வால்டர் திரும்பவும் மாட்டேன் என்றார். கோழி வாங்க மறந்துபோனேன்." இது ஒரு நாள். "ஹெலன் காலேஜை நினைத்து அழுதார். வசந்தியின் சின்னவனுக்குக் காய்ச்சல்." இது இன்னொரு நாள். அவள் தேடி வந்தது ஒரு காலேஜின் பிறப்பு. என் டயரியில் அது கோழிக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் கிடக்கிறது.

நான் பேசிய அந்த நாளுக்கு டயரியில் இருப்பது இவ்வளவுதான்: "பேசினேன். கடும் பனி."

என்ன பேசினீர்கள் என்று அவள் கேட்டாள். அதைச் சொல்வதென்றால் முதலில் இருந்துதான் வரவேண்டும்.

கிளாக்கருக்கு மேலே யார்?

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த எங்கள் வீடும் சாமான்களும் போனபிறகு, நானும் என் கணவர் சிவமும் எங்கெல்லாமோ அலைந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். எண்பத்தைந்தாக இருக்கலாம், எண்பத்தாறாகவும் இருக்கலாம். டயரிக்கு முந்திய காலம் என்பதால் எனக்கும் நிச்சயமில்லை.

சிவத்துக்கு ரெக்ஸ்டேலில் பிளாஸ்டிக் வாளி செய்யும் பக்டரியில் வேலை கிடைத்தது. இருக்க இடம்தான் கிடைக்கவில்லை. குவேக்கர்களிடம் ஒரு வீடு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். குவேக்கர் ஓட்ஸ் பேணியில் படமாக இருக்கிற தொப்பிக் கிழவரை நினைத்துக்கொண்டு, அது கம்பனி வீடாக்கும் என்றார் சிவம்.

பிள்ளைகள் இல்லாத ஒரு அம்மா, சாகும்போது தன் சபைக்கு எழுதிவைத்த பழைய செங்கல் வீடு அது. மேல்மாடியில் எங்களைப் போல வந்தவர்களை இருக்க விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள். மறுபக்கம் வசந்தி, இரண்டு பிள்ளைகளோடு. அவளுடைய கணவன் வரும் வழியில் ஜேர்மனியில் அகப்பட்டு நின்றுவிட்டான். கீழே முன்னறையில் குவேக்கர்கள் மாதத்துக்கு ஒருநாள் கூடுவார்கள்.

வரவேற்றவர் ஹெலன். ஓய்வுபெற்ற ஆசிரியை. நெடுத்த, மெலிந்த பெண். ஆம்பிளைச் சப்பாத்துப் போட்டிருந்தார். தான் இந்தச் சபையின் கிளார்க் என்றார். எங்கள் ஊரில் கிளாக்கர் உத்தியோகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுப்பார்கள். ஆனாலும் கிளாக்கருக்கு மேலே ஒரு பெரியவர் இருப்பார். அந்தப் பெரியவரைச் சந்திக்கலாமா என்று நான் மரியாதையாகக் கேட்டேன்.

மேலே ஒருவரும் இல்லை என்றார் ஹெலன். பாதிரியாரும் இல்லை, தலைவரும் இல்லை. கூட்டத்தை நடத்தி முடிவை எழுதுபவர்தான் கிளார்க்.

"அப்ப கடவுள்?" என்று சிவம் என்னிடம் தமிழில் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

விடைபெறும்போது, உங்களை ஒளியில் வைத்திருப்போம் என்றார் ஹெலன். அவர்கள் ஒருவருக்காகப் பிரார்த்திப்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் அறியப் பல மாதம் பிடித்தது. அன்றைக்குச் சிவம், ஹைட்ரோ என்கிற கரண்ட் பில்லை அவர்களே கட்டப்போகிறார்கள் என்று விளங்கிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கெழுத்துத் தெரியும் என்று கேள்விப்பட்டதும், கூட்டத்தில் வந்து குறிப்பெடுக்க முடியுமா என்று ஹெலன் கேட்டார். பென்சிலைக் கூராக்கிக்கொண்டு போனேன். எல்லாரும் கண்ணை மூடி இருந்தார்கள். ஒரு மணித்தியாலம் போனது. ஒருவர் இருமினார். பிறகு பக்கத்தில் இருந்தவருக்குக் கை கொடுத்துவிட்டு எழுந்தார்கள். கொப்பியில் ஒரு கோடும் இல்லை. இன்றைக்கு நல்ல கூட்டம் என்றார் ஹெலன்.

டயரியில் எழுதினேன்: "என்ன நடந்தது என்று தெரியவில்லை. தேத்தண்ணி நல்லது."

சோதினை இல்லாத படிப்பு

அந்த வீட்டில் ஒரு காலேஜ் தொடங்க வேண்டும் என்பது ஹெலனின் கனவு. ரொறன்ரோவில் காலேஜுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். அவர் நினைத்தது வேறு மாதிரி. பகலில் வேலைக்குப் போகிறவர்கள், வயது போனவர்கள், ஊர்விட்டு வந்தவர்கள் மாலையில் வந்து படிக்கலாம். சமாதானம் பற்றி ஒரு வகுப்பு, மரவேலை ஒரு வகுப்பு, இங்கிலிஷ் ஒரு வகுப்பு. சோதினை இல்லை. புள்ளி இல்லை. சேட்டிபிக்கற் இல்லை.

அப்படியென்றால் பாஸ் பண்ணியது யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஹெலன் நேரமெடுத்து யோசித்துவிட்டு, "எதில்?" என்றார்.

மேலே வந்து வசந்திக்குச் சொன்னேன். "சோதினை இல்லாட்டி ஆரக்கா படிக்கப் போகினம்?" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்சநேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு ஒரு தம்பி. ரவி. விலங்கியலில் கெட்டிக்காரன். அவன் தவளையை அறுத்துப் படம் கீறினால் மாஸ்டர் அதை அடுத்த வகுப்புக்கும் கொண்டுபோய்க் காட்டுவார். பல்கலைக்கழகத்தில் சேர ஊருக்கு ஒரு புள்ளி என்று தரப்படுத்திய காலம் அது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி எட்டாத உயரத்தில் நின்றது. எடுத்தான், தவறினான். திரும்ப எடுத்தான், திரும்பவும் தவறினான். அப்பா அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் காலை சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போனான். ஆயுதம் தூக்கியவர்களில் எந்த இயக்கத்துக்குப் போனான் என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அம்மா எனக்கு எழுதும் கடிதங்களில் அவன் பெயர் வருவதில்லை. கடிதத்தை யார் உடைத்துப் படிப்பார்களோ என்ற பயம்.

அதனால் ஹெலனின் காலேஜைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது.

ஆசைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்போது நான் நகரத்தின் நடுவில் ஒரு கட்டடத்தில் கந்தோர் அறைகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். மேசைமேல் உள்ள ரைப்ரைற்றரைத் துடைக்கலாம், அடிக்கக் கூடாது. காலேஜ் தொடங்கினால் கந்தோர் வேலை எனக்குத்தான் என்று ஹெலன் சொல்லியிருந்தார். எனக்கென்று ஒரு மேசை.

ஒருவர் மாட்டேன் என்றால்

தடங்கல் மேல்மாடியில் இருந்தது. சிட்டி நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நெருப்புப் பிடித்தால் என்ற சட்டம். கீழே வகுப்பும் மேலே குடியிருப்பும் சேர்ந்து இருக்க முடியாது என்றார். காலேஜ் வருவதென்றால் நாங்கள் போகவேண்டும். வேறு இடம் தேடித்தருவோம் என்று ஹெலன் சொன்னார். அந்த நாட்களில் எங்கள் பெயரைக் கேட்டதும் வாடகைக்கு இடமில்லை என்று போனை வைத்தவர்களை நாங்கள் அறிவோம்.

குவேக்கர்கள் வோட்டு எடுப்பதில்லை. எல்லார் மனமும் ஒரு இடத்தில் வந்து சேரும்வரை இருப்பார்கள். ஒருவர் மனதார மறுத்தால் காரியம் அந்த இடத்திலேயே நிற்கும். மாதத்துக்கு மாதம் மறுத்தவர் வால்டர். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். தடித்த உருவம், சிரிப்பு இல்லை. கதைக்கும்போது உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார்.

"உந்தாளுக்கு எங்களைப் பிடிக்கேல்லை" என்றார் சிவம். பிடிக்காவிட்டால் காலேஜுக்குச் சம்மதித்து எங்களை அனுப்பலாமே என்றேன். சிவம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். இரண்டுபேருக்கும் விளங்கவில்லை.

ஒரு கூட்டத்தில் வால்டர் காரணத்தைச் சொன்னார். மேலே இருப்பவர்களை இறக்கி அனுப்பிவிட்டுக் கீழே சமாதானம் படிப்பிக்கத் தன்னால் முடியாது என்றார். அதைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்த என் பென்சில் நின்றுபோனது. என் கூரையைக் காப்பவரும் என் மேசையை மறிப்பவரும் ஒரே ஆள்.

பெரும்பான்மை என்று தூக்கிய கைகளை எண்ணி எண்ணியே எங்களை ஒன்றுமில்லாமல் ஆக்கிய நாட்டிலிருந்து வந்தவள் நான். இங்கே ஒரு பல் வைத்தியர் தனியாளாக நின்று அத்தனை பேரையும் நிறுத்திவைத்திருக்கிறார். இது நீதியா, வெறும் பிடிவாதமா? அன்றைய டயரி: "வால்டர் சொல்வது சரி. ஹெலன் சொல்வதும் சரி. தலையிடி."

பிறகு அந்தப் பனிநாள் வந்தது. வால்டர் வழக்கம்போல எழுந்தார். வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை. மேலே இருப்பவர்களுக்காக நான் இத்தனை மாதம் பேசிவிட்டேன், அவர்களை நாம் ஒருநாளாவது கேட்டோமா என்றார். சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

அப்போதுதான் நான் எழுந்தேன்.

கோட்டுப் போட்டபடி

என் பேச்சு முடிந்தபின் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். வால்டர் எழுந்து, நான் இனிக் குறுக்கே நிற்கவில்லை என்றார். ஹெலன் முடிவை எழுதி வாசித்தார். வீடு காலேஜுக்கு. எல்லாரும் தலையசைத்தார்கள்.

எங்களைப் போகச் சொல்லாதேங்கோ, எங்களுக்குப் போக இடமில்லை என்றுதான் நான் கேட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் மாறி நடந்தது என்று விளங்காமல் குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.

வால்டர் வந்து துவாயை எடுத்துக் கோப்பையைத் துடைத்தார். நீங்கள் இவ்வளவு பெருந்தன்மையாகப் போகச் சம்மதிப்பீர்கள் என்று நினைக்கவில்லை என்றார்.

நான் சம்மதிக்கவில்லையே என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். "நீங்கள் வாசலைக் காட்டினீர்கள். பிறகு கையைக் கூப்பினீர்கள். விடைபெறுகிறீர்கள் என்று நினைத்தேன்."

"இருக்க விடுங்கோ என்றுதான் கேட்டேன்."

கோப்பையை வைத்தார். துவாயோடு முன்னறைக்குப் போனார். பாதிப் பேர் கோட்டுப் போட்டு, சிலர் சப்பாத்துக் கயிறும் கட்டிவிட்டார்கள். நாங்கள் ஒரு சொல்லும் விளங்காத பேச்சை வைத்து முடிவு எழுதிவிட்டோம், என்னை மன்னியுங்கள், திரும்ப இருப்போம் என்றார். கோட்டோடும் தொப்பியோடும் எல்லாரும் திரும்ப வட்டமாக இருந்தார்கள். தான் எழுதிய தாளை ஹெலன் கிழித்தார்.

இப்போது இங்கிலிஷில் சொல்லுவீர்களா என்று ஹெலன் கேட்டார். எங்களுக்கு இந்த வீடும் வேண்டும், எனக்கு இந்தக் காலேஜும் வேண்டும், இரண்டும் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்றேன். கணக்கில் சேராத பதில். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்களுக்கும் தெரியாது என்று ஹெலன் எழுதிக்கொண்டார்.

மேலே போனபோது சிவம் படிக்கட்டில் இருந்தார். வேலைக்குப் போக வெளிக்கிட்டவர், என் குரல் கேட்டு அங்கேயே நின்றுவிட்டாராம்.

"நீர் என்ன கதைச்சனீர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

வீட்டைப் பற்றித்தானே என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பிறகு நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பேஸ்மென்ற் வகுப்பு

அடுத்த வருடம் காலேஜ் தொடங்கியது, ஆனால் அந்த வீட்டில் அல்ல. இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்றை வாடகைக்கு எடுத்தார்கள். தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய் ஓடும். யாராவது மேலே தண்ணீர் திறந்தால் படிப்பிப்பவர் கொஞ்சம் நிறுத்த வேண்டும். குழாய்க்குக் கீழே என் மேசை. அதில் ஒரு பழைய ரைப்ரைற்றர். மேல்மாடியில் நாங்கள் இருந்தபடியே இருந்தோம். வசந்தியின் கணவன் வந்துசேர்ந்து அவர்கள் ஸ்காபரோவுக்குப் போனார்கள். அதன்பிறகு நாங்களும் போனோம். அதற்கெல்லாம் பிறகுதான் காலேஜ் அந்த வீட்டுக்கு வந்தது.

முதல் பருவத்தில் என்ன வகுப்புகள் வைப்பது என்று பேசியபோது வால்டர் எழுந்து தனக்குத் தமிழ் படிக்க வேண்டும் என்றார். அடுத்தமுறை விளங்க வேண்டும், அதற்காக என்றார். படிப்பிக்க என்னை விட்டால் ஆளில்லை. ஹெலன் சேர்ந்தார், இன்னும் சிலர் சேர்ந்தார்கள். கந்தோர் வேலைக்குப் போன நான் ரீச்சராகவும் ஆனேன். கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது, நான் படிப்பிக்கிறேனா நடிக்கிறேனா என்று விளங்காமல் வேர்த்துக் கொட்டியது.

வால்டர் ஒரு சொல்லுக்கும் என் கண்ணைப் பார்க்கவில்லை. நாக்கு எங்கே போகிறது என்று பார்ப்பார். அதனாலோ என்னவோ, அந்த வகுப்பில் ழகரம் சரியாக வந்தது அவருக்கு மட்டும்தான். வசனம்தான் வராது. சொற்களை ஒவ்வொன்றாக மேசையில் வைப்பதுபோல வைப்பார்.

எண்பத்தெட்டாக இருக்க வேண்டும். இளவேனில், யன்னல் திறந்திருந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சிவம் வந்து, வகுப்பு முடியட்டும் என்று கடைசிக் கதிரையில் இருந்தார். வால்டர் கையை உயர்த்தினார். அன்றைக்குப் பேசியதை இப்போது திரும்பச் சொல்லுங்கள், மெதுவாகச் சொன்னால் விளங்கும் என்றார்.

நான் தொடங்கினேன். எங்களுக்குப் போக இடமில்லை...

"இல்லை" என்றார் சிவம். "நீர் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"தம்பியைப் பற்றித்தான் கதைச்சனீர். என்ர தம்பி சோதினையில ரண்டுதரம் விழுந்தவன், அப்பா அவனோட கதைக்கிறதை விட்டிட்டார், அவன் வாசலால போயிட்டான் எண்டு சொன்னனீர். இப்பிடி ஒரு காலேஜ் எங்கட ஊரில இருந்திருந்தா அவன் வீட்டில இருந்திருப்பான் எண்டனீர். வாசலைக் கையால காட்டினதும் அதுக்குத்தான். அவனை விட்டிடுங்கோ எண்டு கும்பிட்டனீர். ஆரிட்டைக் கேட்டனீரோ தெரியாது."

அவர் வால்டருக்காக மெதுவாகவே சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல்லும் ஞாபகத்தில் இல்லை. இன்றைக்கும் இல்லை. நான் கேட்டதாக நினைத்தது ஒன்று, சொன்னது ஒன்று, அவர்கள் விளங்கிக்கொண்டது ஒன்று. அதற்குள், காலேஜ் வரட்டும் என்கிறேன் என்று வால்டர் விளங்கியதுதான் பாதி சரியோ என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மேலே குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. வால்டர் உதட்டை அசைத்துப் பார்த்தார். முதல்தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"தம்பி இப்போது எங்கே இருக்கிறார்?"

பிழையில்லாத வசனம். எழுவாய், பயனிலை, மரியாதை, எல்லாம் சரி. மற்றவர்கள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரீச்சர் சொல்லப்போகும் பதிலை எழுதக் காத்திருந்தார்கள்.

நான் திரும்பிக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: தெரியாது.

எல்லாரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.